நூற்றுப் பதினேழாம் கண்ணாடி

கண்ணை மூடினாலும் சாராளுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சோற்றில் தெரிந்தன, சுவரில் தெரிந்தன, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு நடுவிலும் தெரிந்தன. மூன்று வருஷமாக அவள் பார்த்த வேலை அப்படி.

செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டு மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய தொலைநோக்கி தென்வானத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடித்திருந்தது. அந்தப் படங்களின் நகல்கள் கண்ணாடித் தட்டுகளில் எடுக்கப்பட்டு, மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் செங்கல்பட்டுக்கு வரும். அலுவலகத்தில் அவற்றைக் கண்ணாடி என்றே சொன்னார்கள். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் வானம் வெளுப்பாகவும் நட்சத்திரம் கறுப்புப் புள்ளியாகவும் இருக்கும். நடுநடுவே எச்சில் விரலால் தொட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் சில கறைகள். அவைதான் நெபுலாக்கள். ஒவ்வொரு கறையும் நம் சூரியனைப் போல ஆயிரக்கணக்கான கோடிச் சூரியன்கள் சேர்ந்த ஒரு கூட்டம். அவை எத்தனை, எந்த உருவம் என்று எண்ணிப் பட்டியல் போட்டு, கண்ணாடிகளோடு ஆஸ்திரேலியாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒரு கண்ணாடிக்கு நானூறு கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மின்சாரத்தை நம்ப முடியாததால் வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சாராள். இன்னொருவர் பட்டாபி. அலுவலகத்துக்கு மேற்பார்வையும் அவர்தான். ஐம்பது வயசு, ஒல்லி, எப்போதும் மூக்குப்பொடி வாசனை. கெட்ட மனிதர் இல்லை. திட்டத்தின் தலைவரான பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் போன வருஷம் மாரடைப்பு வந்து பிழைத்து, கடல் காற்று நல்லதென்று மாமல்லபுரத்தில் ஒரு நண்பரின் பங்களாவில் தங்கியிருந்தார். காகிதங்கள் அவரிடம் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வரும்.

சாராளுக்கு முப்பத்தொரு வயசு. செய்யூர்ப் பக்கம் ஊர். அப்பா ஏசுபாதம் இறந்து பத்து வருஷமாகிவிட்டது. அம்மா செங்கம்மாள் அடுத்தவர் நிலத்தில் முப்பது வருஷம் நாற்று நட்டவள். மகள் மிஷன் ஹாஸ்டலில் தங்கிக் கணக்கில் பி.ஏ. முடித்து இந்த வேலைக்கு வந்ததும் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு முழங்கால் போயிருந்தது. மகளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாசமாவது கண்ணுக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுக்க முடியவில்லை. 1957 மார்ச்சோடு திட்டத்தை மூடுவதாக மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. அதற்குள் மிச்சமிருக்கும் கண்ணாடிகளை முடித்தாக வேண்டும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வாக்கில், நூற்றுப் பதினேழாம் கண்ணாடியின் ஒரு மூலைக் கட்டத்தில் அவள் அதைப் பார்த்தாள்.

முதலில் மயிரிழை என்றுதான் நினைத்தாள். துணியால் துடைத்தாள். போகவில்லை. சிறு குச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது போல இருந்தது. கண்ணை எடுத்துக் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். குச்சியின் நடு கொஞ்சம் பருத்திருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து மெல்லிய புகை மாதிரி ஒன்று வளைந்து போயிற்று. இன்னொரு முனையிலும் அப்படியே ஒன்று, எதிர்ப்பக்கமாக. ஒரு தண்டு, அதன் இரு நுனியிலும் சுருளத் தொடங்கும் கைகள். சாதாரணச் சுருள் நெபுலாக்களை அவள் நூற்றுக்கணக்கில் எண்ணியிருந்தாள். நடுவில் குறுக்குத் தண்டு உள்ளவற்றையும் பார்த்திருந்தாள். ஆனால் கையில் இருந்த பழைய பட்டியல் எதிலும் இந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். தலைவலிதான் வந்தது. நோட்டில் இடத்தைக் குறித்து, பக்கத்தில் "தண்டுச் சுருள், புதியது" என்று எழுதிவிட்டுக் கையைத் தலைக்குக் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, அனுப்பத் தயாராக இருந்த பட்டியலைப் பார்த்தபோது அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பட்டாபியின் கையெழுத்தில் ஒரே வார்த்தை: கீறல்.

அவள் அவர் மேஜைக்குப் போனாள். "சார், நூத்திப் பதினேழுல நான் குறிச்சத அடிச்சிருக்கீங்க."

"ஆமாம். நகல் எடுக்கறச்சே விழுந்த கீறல். எத்தனை பார்த்தாச்சு."

"கீறல்னா சாய்ச்சுப் பிடிச்சா பளபளன்னு தெரியும் சார். இது தெரியல. ரெண்டு முனையும் வளையுது. ரெண்டும் ஒரே சுத்தா வளையுது. கீறல் அப்படி வளையாது."

பட்டாபி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் விழுந்திருந்தது அவருக்கும். "சாராள், திங்கக்கிழமை பெட்டியை ஆணியடிச்சு அனுப்பியாகணும். பட்டியலும் கூடவே போறது. புதுசுன்னு ஒண்ணை எழுதி, அங்கே அவா பார்த்துட்டு கீறல்னு சொன்னா, மூணு வருஷம் பண்ணின அத்தனையும் சந்தேகத்துக்கு வந்துடும். எதுக்கு வம்பு? விட்டுடு."

"நீங்க லென்சு வச்சுப் பாத்தீங்களா சார்?"

அவர் பொடி டப்பாவைத் தேடினார்.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடாமல் படுத்தாள். செங்கம்மாள் தட்டை எடுத்துவந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி? நாலு நாளா மூஞ்சி செத்துக் கீது. எவன்னா எதுனா சொன்னானா?"

"இல்லம்மா. ஒண்ணு பாத்தேன். அது இல்லன்னு எழுதிட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப கீதுல்ல. இல்லன்னு எப்டி எழுதுவான்?"

"பெரிய சார் கையெழுத்துப் போட்டா மாத்தலாம். அவரு மாவலிபுரத்துல இருக்காரு. கண்ணாடிய அவரு பாக்கணும். அத வெளிய எடுத்துக்கினு போகக் கூடாது. வழியில ஒடைஞ்சா என் வேலையும் போச்சு, இனிமே எவனும் வேலை தர மாட்டான்."

செங்கம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். "ஒடையாம எடுத்துக்கினு போவணும், அவ்ளோதான? நான் வரேன்."

அலுவலகச் சாவி சாராளிடம்தான் இருந்தது. காலையில் திறப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்க் கண்ணாடியை எடுத்தாள். இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, அம்மாவின் கம்பளியில் சுற்றி, பழைய புடவைக் கிழிசலால் நாலு பக்கமும் கட்டினாள். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பென்சில்கூட அவள் எடுத்ததில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறவர்கள் மூட்டையும் கூடையுமாக ஏறியிருந்தார்கள். கண்டக்டர் முனிசாமி கம்பளிப் பொட்டலத்தைப் பார்த்து நின்றான்.

"இன்னாம்மா அது? மேல போடு."

"மேல எல்லாம் போட முடியாது நைனா. கண்ணாடி," என்றாள் செங்கம்மாள்.

"மொகம் பாக்கற கண்ணாடியா? இம்மாம் பெருசா?"

"ஆமா, நீ மொகம் பாக்கத்தான். தள்ளி நில்லு, மேல வுழாத."

சுற்றிலும் சிரித்தார்கள். சாராள் சிரிக்கவில்லை. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பொட்டலத்தை மடியிலிருந்து தூக்கிக் காற்றில் பிடித்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தோள் இரண்டும் மரத்துப்போயின. அங்கே பாதிப் பேர் இறங்கினார்கள். இனி நிம்மதி என்று நினைத்தாள். ஆனால் மாமல்லபுரத்துக்கு நாலு மைல் இருக்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. டிரைவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது, செங்கல்பட்டிலிருந்து ஆள் வரவேண்டும் என்றான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பனையும் உளைச் சேறும்தான். சாராள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்ச தூரம் நடந்தாள். பலகைகளோடு சேர்ந்து அது நல்ல கனம். அரை மைலுக்குள் இரண்டு தடவை தடுமாறினாள். கண் முன்னால் புள்ளிகள் வந்தன.

"குடு இப்டி," என்றாள் அம்மா.

"உனக்கு முட்டி வலிக்குமே."

"முட்டி கால்லதான கீது. தலைக்கு இன்னா? குடு."

செங்கம்மாள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டாள். மகள் தூக்கிவிட, பொட்டலத்தைத் தலைமேல் படுக்க வைத்து, ஒரு கையால் லேசாகத் தொட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். பிறகு நடந்தாள். கால் ஒவ்வொரு அடிக்கும் வலித்துக்கொண்டிருந்தது, முகத்தில் தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒரு அசைவும் இல்லை. சாராள் பின்னால் நடந்தபடி அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு போனாள். கால்வாய்ப் பாலத்தருகே மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்றபோது அம்மா கேட்டாள், "இதுக்குள்ள இன்னாதான் கீது?"

"வானம்தாம்மா. ஒரு மூலையில ஒரு நட்சத்திரக் கூட்டம். ரொம்பத் தொலைவு. அங்கேர்ந்து வெளிச்சம் கெளம்பி இங்க வர்றதுக்குப் பல கோடி வருசமாச்சு."

"அப்ப அதுக்கும் கால் நோவும்," என்றாள் செங்கம்மாள். நடையைத் தொடர்ந்தாள்.

பங்களா சவுக்குத் தோப்புக்கு அப்பால், கடலைப் பார்த்து இருந்தது. செங்கம்மாள் உள்ளே வரவில்லை. தோப்பு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியரின் மனைவி பர்வதம் கதவைத் திறந்து, வேர்த்து விறுவிறுத்து நின்ற சாராளையும் பொட்டலத்தையும் பார்த்துத் திகைத்தாள். "அவர் ரொம்பப் பேசப்படாது. டாக்டர் சொல்லியிருக்கார்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே விட்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் சாய்வு நாற்காலியில் போர்வையோடு இருந்தார். ஆறடி மனிதர், பாதியாகியிருந்தார். சாராள் எல்லாவற்றையும் சொன்னாள், கேட்காமல் எடுத்து வந்ததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "கொண்டா," என்றார்.

கட்டைப் பிரித்தாள். விரிசல் ஏதுமில்லை. அவர் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே, கடல் வெளிச்சத்தில் பிடித்தார். அவள் இடத்தைச் சுட்டிக்காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கை தளர்ந்து கண்ணாடி மடிக்கு இறங்கியது.

"எனக்குத் தெரியலை," என்றார்.

சாராள் இடத்தை மறுபடி விரலால் காட்டினாள். "சார், இன்னொரு தடவை..."

"இல்லைம்மா. அது இல்லைன்னு நான் சொல்லலை. எனக்குத் தெரியலை. ரெண்டு கண்ணுலயும் புரை. ஒண்ணரை வருஷமாச்சு. எதிர்ல இருக்கறது நீதாங்கறதே குரலை வச்சுத்தான் தெரியறது. ஆபரேஷன் பண்ண இதயம் தாங்காதுங்கறா." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தனை நாளா பட்டாபி அனுப்பினதுல எல்லாம் பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டிண்டிருக்கேன். அவனுக்கும் தெரியாது."

உள்ளே பர்வதம் பாத்திரம் நகர்த்தும் சத்தம் நின்றுபோயிற்று.

"பேப்பர் அங்கே இருக்கு. நீ பார்த்ததைப் பெரிசா வரை. கறுப்பு மையால. தடிமனா."

அவள் தரையில் உட்கார்ந்து வரைந்தாள். ஒரு முழ நீளத்துக்குத் தண்டு, நடுவில் பருமன், இரண்டு கைகள். அவர் அதை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தண்டு எவ்வளவு நீளம்? கைகள் நுனியிலிருந்தே புறப்படுகின்றனவா, கொஞ்சம் உள்ளே தள்ளியா? எந்தக் கை அதிகம் மங்கல்? சாய்த்தால் பளபளக்கிறதா? பக்கத்து நட்சத்திரங்கள் உருண்டையாக இருக்கின்றனவா, இழுபட்டிருக்கின்றனவா? ஒவ்வொன்றுக்கும் அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அப்படி இரண்டு தடவை சொன்னாள்.

"சரி. எழுது," என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அந்த வரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், கண்டவர் ஒய். சாராள். அவள் விரலால் இடம் காட்ட, அவர் கையெழுத்துப் போட்டார். அது கோடுவிட்டுக் கீழே இறங்கியது.

"உன் கண்ணை நம்பிப் போடறேன்," என்றார். "புரை விஷயம் வெளில வேண்டாம். மார்ச் வரைக்கும்."

வெயில் தாழ்வதற்குள் திரும்பும் பஸ் கிடைத்தது. கண்ணாடி பத்திரமாக அதன் இடத்துக்குப் போயிற்று. திங்கட்கிழமை பட்டாபி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்தது.

"வழியில உடைஞ்சிருந்தா?"

"உடையல சார்."

அவர் பட்டியலைப் பிரித்து, அந்த வரியைத் தன் கையாலேயே மறுபடி எழுதினார். பெட்டிக்கு ஆணியடித்தார்கள். மார்ச் முடிவில் மாடியைக் காலி செய்து சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள்.

சாராள் செய்யூரில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சேர்ந்தாள். பின்னக் கணக்கும் பூகோளமும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள். புள்ளிகள் குறைந்தன, முழுதாகப் போகவில்லை. ஆகஸ்டில் பேராசிரியர் காலமான செய்தியைப் பேப்பரில் படித்தாள். நாலே வரி வந்திருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரத்தில், பட்டாபி குடையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. செங்கம்மாள் முக்காலியைப் போட்டுவிட்டு, தண்ணீர் கொடுக்கலாமா என்று தயங்கினாள். அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஆஸ்திரேலியாலேர்ந்து வந்தது," என்று கவரை நீட்டினார். "பழைய ஆபீஸுக்கு வந்ததை என் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தா. தபால்ல போடலாம்னு பார்த்தேன். மனசு கேக்கலை."

நூற்றுப் பதினேழாம் கண்ணாடியில் குறிக்கப்பட்ட இடத்தைப் பெரிய தொலைநோக்கியால் மறுபடி படம் எடுத்தோம், சந்தேகமில்லை, குறுக்குத் தண்டு உள்ள சுருள் நெபுலாதான், இதுவரை யாரும் பதிவு செய்யாதது, தூரம் தோராயமாகப் பத்துக் கோடி ஒளியாண்டு இருக்கலாம், கூர்மையான கண்ணுக்கு மிஸ்டர் ஒய். சாராளுக்கு எங்கள் பாராட்டு. அவ்வளவுதான் கடிதம்.

"மிஸ்டர்," என்று படித்துச் சாராள் லேசாகச் சிரித்தாள்.

"நான் லென்ஸ் வச்சுப் பார்க்கலை," என்றார் பட்டாபி. "அன்னிக்கு நீ கேட்டே. நான் பதில் சொல்லலை. நோட்டைப் பார்த்து அடிச்சேன். கண்ணாடியை வெளில எடுக்கக்கூட இல்லை. அவ்வளவு அலுப்பு எனக்கு."

அவள் கடிதத்தை மடித்தாள், விரித்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மனசு வேறு எங்கோ போய்விட்டது. போன வருஷம் அக்டோபரில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். மூன்று வாரம் தூக்கமில்லாமல் வேலைக்குப் போனாள். எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றேழு வரையுள்ள கண்ணாடிகளை அந்த வாரங்களில்தான் பார்த்தாள். கறை ஒன்று தெரியும், மறுபடி பார்க்கத் தெம்பிருக்காது, தானே கீறல் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதை அவரிடம் சொன்னாள்.

"எல்லாரும் பண்றதுதான்," என்றார் அவர்.

"அவங்களுக்கு எழுதிடறேன் சார். அந்தப் பத்துக் கண்ணாடியையும் மறுபடி பாக்கச் சொல்லி."

"எழுதினா, இப்பப் பாராட்டினவாளே மத்ததையும் சந்தேகப்படுவா."

"படட்டும். அங்க இருக்கறது இருக்குதே சார். நான் இல்லன்னு எழுதினதால இல்லாமப் போயிடுமா?"

ஐந்தாம் வகுப்பு நோட்டுப் புத்தகங்களைத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்தாள். தான் மிஸ்டர் அல்ல, மிஸ் என்று முதலில் எழுதினாள். பிறகு கண்ணாடிகளின் எண்களை, காரணத்தையும் சேர்த்து, மறைக்காமல் எழுதினாள். பட்டாபி முக்காலியில் உட்கார்ந்து, மறுபடி தூறத் தொடங்கிய மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போடப் போனபோது கையை நீட்டினார்.

"இரு. எழுபத்திரெண்டுலேர்ந்து எண்பது வரைக்கும் என்னுது. அதையும் சேர்த்துக்கோ. பேரையும் போடு."

அவர் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செங்கம்மாள் வேர்க்கடலை ஒரு படி துணியில் முடிந்து கொடுத்தாள்.

பதில் அடுத்த வருஷம் ஜூலையில் வந்தது. பத்தொன்பது கண்ணாடிகளையும் மறுபடி ஆராய்ந்ததில், கீறல் என்று எழுதியவற்றில் பெரும்பாலானவை கீறல்களேதான். இரண்டு மட்டும் நெபுலாக்கள். ஒன்று எண்பதில், இன்னொன்று தொண்ணூற்று மூன்றில். இரண்டும் ரொம்ப மங்கல், உருவம் சொல்ல முடியாது. பெயர்கள் பட்டியலில் சேர்க்கப்படும், நன்றி, மிஸ் சாராள்.

பள்ளிக்கூடத்தில், இரண்டு வகுப்புக்கு நடுவே அதைப் படித்தாள். எண்பது பட்டாபியுடையது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு கார்டு எழுதிவைத்தாள். பிறகு பாயை விரித்துப் படுத்தாள். அம்மா சாப்பிட எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.